பம்பை கேட்கும் கேள்வி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இளமையில் நேர்ந்த காயத்துக்கு இசை என்ன செய்ய வல்லது என்பதே இவ்வுரையின் பொருள். இதைப் பேசுவதற்கு மேல்மலையனூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஏனெனில் இவ்வூரின் தலபுராணமே ஆறாத காயம் ஒன்றின் கதையாகும்.

கதையை அவையோர் அறிவர். சிவன் பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்கிறான். கொய்த தலை கீழே விழாமல் அவன் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பித்தனாய் ஊர் ஊராக அலைகிறான், பிச்சை எடுக்கிறான். இடுவோர் இடுகின்றனர். ஆனால் இட்ட சோற்றை எல்லாம் கையில் ஒட்டிய கபாலமே தின்றுவிடுகிறது. மலையனூர் மயானத்தில் அன்னை அங்காளம்மன் சோற்றை உருட்டிக் கபாலத்தில் இடுகிறாள். பின் ஒரு பிடியைத் தரையில் வாரி இறைக்கிறாள். சுவை கண்ட கபாலம் அதனை உண்ணக் கீழே இறங்குகிறது. அந்தக் கணத்தில் அவள் பேருருக் கொண்டு அதை மிதித்து அடக்குகிறாள். மாசிச் சிவராத்திரியை அடுத்து நிகழும் மயானக் கொள்ளை இதன் நினைவே ஆகும்.

பக்தியை ஒருபுறம் வைத்து, கதையாக மட்டுமே இதனை நோக்கினாலும் வியப்பு உண்டாகிறது. நிகழ்ச்சி நிகழ்ந்து முடிந்துவிட்டது. எனினும் அது கையை விட்டுப் போகவில்லை. அன்பர்கள் தரும் ஆறுதல், உணவு, உறக்கம் ஆகிய அனைத்தையும் அதுவே உண்டுவிடுகிறது. உரியவன் பட்டினி கிடக்கிறான். பேரதிர்ச்சிக்கு ஆளானவரின் நிலை குறித்து இன்றைய உளமருத்துவம் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. நேர்ந்த கொடுமை, 'அன்று நடந்தது' என்று நினைவில் அடங்குவதில்லை. சிறு ஓசையில், ஒரு மணத்தில், நள்ளிரவுக் கனவில், மீண்டும் மீண்டும் 'இன்று நடப்பதாக' வந்து நிற்கிறது. ஈழத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர் தந்த இத்தகைய துன்பங்களைப் பற்றித் தமிழில் எழுதிய நூலுக்கு 'மனவடு' என்றே பெயரிட்டார். வடு என்பது வள்ளுவர் ஆண்ட சொல். புண் ஆறிய பின்னும் நின்றுவிடுவது வடு.

கதையில் இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. கபாலத்தை வலிந்து பிடுங்கி எறியும் முயற்சி அங்கே இல்லை. அதற்கு உணவு இடப்பட்டது. அது தானாக இறங்கி வரும் வரை ஒருத்தி காத்திருந்தாள். மிதித்தது அதன் பின்னரே.

அந்தக் காத்திருப்பை இவ்வூர் இசையாக மாற்றி வைத்திருக்கிறது. அமாவாசை இரவுகளில் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டத்தினிடையே பம்பை ஒலிக்கும். ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு முழவுகள். ஒன்று மரத்தால் ஆனது, மற்றது உலோகத்தால் ஆனது. உடன் உடுக்கையும் கைச்சிலம்பும் சேரும். உடுக்கையின் இடையை விரல்கள் அழுத்தும்போதும் தளர்த்தும்போதும் அதன் குரல் ஏறி இறங்கும். தோலும் கயிறும் சேர்ந்து மனிதக் குரல் போல விம்முவதைக் கேட்டவர் மறக்கமாட்டார். இக்கூட்டத்தில் மனம் கலங்கிய இளம் பெண்களும் பிள்ளைகளும் உறவினரால் அழைத்து வரப்படுகின்றனர். அவர்களுள் பலர் வீட்டில் வாய் திறவாதவர்கள். பம்பையின் முன் அவர்கள் ஆடுகின்றனர், அழுகின்றனர், பேசுகின்றனர்.

பழைய தென்னார்க்காட்டுச் செஞ்சி வட்டாரத்தில் 1990-களின் தொடக்கத்தில் தங்கி இச்சடங்குகளை ஆராய்ந்தவர் இசபெல் நபோகோவ் என்னும் மானிடவியலாளர். 2000-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூலில் பேயோட்டும் சடங்கு விரிவாகப் பதிவாகியுள்ளது. பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டோருள் புதிதாக மணமான பெண்களே மிகுதி. பிடித்த பேயோ, பெரும்பாலும் காதலில் தோற்றோ வேறு வகையிலோ அகாலத்தில் இறந்த இளைஞனுடையது. பம்பைக்காரர் பாடுகிறார், தாளம் விரைகிறது, இடையே கேள்விகள் எழுகின்றன. நீ யார்? உன் ஊர் எது? எப்படி இறந்தாய்? இவளை எங்கே பிடித்தாய்? பதில் வரும்வரை பம்பை ஓய்வதில்லை. பின் அவள் தலையில் கல் ஏற்றப்படுகிறது. கல்லைச் சுமந்து ஓடுகிறாள். முடிக்கற்றை ஒன்று புளிய மரத்தில் ஆணியால் அறையப்படுகிறது. பேய் அகன்றதாக ஊர் ஏற்கிறது.

இங்கே இசையின் பணி யாது? மகிழ்விப்பது அன்று, மறக்கச் செய்வதும் அன்று. பம்பை ஒரு கேள்வி கேட்கிறது. விடை வரும்வரை தாளம் தவறாமல் காத்திருக்கிறது. வீட்டில் எவரும் கேளாத கேள்வியை ஊர் கூடிய இடத்தில் கேட்கிறது. பேசுபவள் தன் பெயரில் பேச வேண்டியதில்லை என்னும் காப்பையும் அளிக்கிறது. 'நான் சொல்லவில்லை, அது சொல்லிற்று' என்று அவள் மறுநாள் வீடு திரும்பலாம். துயரத்துக்கு இவ்வளவு நுட்பமான ஓர் அரங்கை எழுத்தறியாத கலைஞர்கள் அமைத்து வைத்தார்கள் என்பது பெருமைக்குரியதே.

ஆயினும் பெருமையோடு நின்றுவிடுவது நேர்மை ஆகாது. நபோகோவ் கண்ட மற்றொரு பக்கமும் உண்டு. கேள்வியும் விடையும் முன்னரே வகுக்கப்பட்டவை. பேய் என்றால் இறந்த இளைஞன். அவன் வெளியேறினால் அவள் நல்ல மனைவி. சடங்கின் முடிவில் மீட்கப்படுவது அவளா, அவளுடைய மனைவி என்னும் பங்கா என்னும் ஐயம் அவருடைய ஆய்வைப் படிப்போர்க்கு எழாமல் இராது. அடித்த கை, விருப்பமின்றி நிகழ்ந்த மணம், சிறு வயதில் உறவினர் ஒருவரால் நேர்ந்த இழிவு ஆகியவை விடையாக வருவதற்கு அவ்வரங்கில் இடம் இல்லை. அவள் பேசினாள்; ஆனால் அவளுடைய சொற்களில் பேசினாள் என்று கூறிவிட இயலாது. கல்லைச் சுமந்து ஓடியவள் அதே வீட்டுக்கே திரும்புகிறாள்.

இது ஏட்டளவில் நிற்கும் குறை அன்று. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை பத்தாண்டுக் காலம் நிகழ்ந்த இறப்புகளை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்தனர். முடிவுகள் 2004-இல் வெளியாயின. 10 முதல் 19 வயது வரை உள்ளோரில், தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு இலட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58. வட தமிழ்நாட்டின் சிற்றூர்கள் தம் பிள்ளைகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது. இவ்வூரிலிருந்து நெடுந்தொலைவு செல்லாமலே எடுத்த கணக்கும் ஆகும். அப்பிள்ளைகளை எவரேனும் ஒருவர் உரிய காலத்தில் உரிய கேள்வியைக் கேட்டிருந்தால் என்று எண்ணாமல் இந்த எண்களைக் கடந்து செல்ல இயலாது.

இளம் பெண்களுக்குப் பம்பையின் முன் ஓர் இடமாவது இருந்தது. ஆண் பிள்ளைகளின் நிலை என்ன? தந்தையை இழந்த வீட்டில் தாய்க்கும் அத்தைக்கும் பாட்டிக்கும் ஒப்பாரி உண்டு. கட்டிப்பிடித்து அழ ஒரு வட்டமும், இழந்தவரின் பெருமையை அடுக்கிச் சொல்ல ஓர் இசை வடிவமும் உண்டு. பத்து வயது மகனுக்கோ தலை மழிக்கப்படுகிறது. கொள்ளிக்குடம் தோளில் ஏறுகிறது. 'ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது' என்னும் கட்டளை கிடைக்கிறது. ஒப்பாரி அவனுக்கு இல்லை. அன்றே அவன் வீட்டின் தலைவன். அவனுடைய துயரம் எந்த வடிவில் வெளியே வரும்? எவரும் கேட்பதில்லை.

அப்படி ஒரு சிறுவனின் கதை உலகறிந்தது. 1967 ஜனவரி 6-இல் சென்னையில் பிறந்த அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் திலீப் குமார். தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். பிற இசையமைப்பாளர்களுக்கும் ஓயாது உழைத்தவர். 1976-இல் அவர் நோயுற்று மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. குடும்பத்துக்கு எஞ்சியவை தந்தையின் இசைக்கருவிகள். அவற்றை ஒலிப்பதிவுகளுக்கு வாடகைக்கு விட்டே தாய் பிள்ளைகளை வளர்த்தார். இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இறந்த தந்தையின் விரல் பட்ட கருவிகள் காலையில் வீட்டைவிட்டுச் செல்கின்றன. இரவில் திரும்பி வருகின்றன. தந்தை மட்டும் திரும்புவதில்லை. அக்கருவிகளை இயக்கக் கற்றுக்கொண்ட சிறுவன் பதின்பருவம் தொடங்கும் முன்னரே ஒலிப்பதிவுக் கூடங்களில் கீ-போர்டு வாசிக்கப் போனான். பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஒத்த வயதினர் விளையாடிய நாள்கள் அவனுக்குப் பெரியவர்களிடையே வேலையில் கழிந்தன.

அவனே பின்னாளில் ஏ.ஆர். ரகுமான். 2018-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் வெளியானபோது அளித்த நேர்காணலில், இருபத்தைந்து வயது வரை தற்கொலை எண்ணம் தம்மைத் தொடர்ந்ததாகவும், தந்தையை இழந்ததால் உள்ளே ஒரு வெற்றிடம் நிலைத்திருந்ததாகவும் வெளிப்படையாகக் கூறினார். ஆஸ்கார் விருதுகளை வென்ற, நாடெங்கும் கொண்டாடப்படும் மனிதர் ஐம்பத்தொன்றாம் வயதில் இதனைச் சொன்னார். சொல்வதற்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

'இசை அவரைக் காப்பாற்றியது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. பன்னிரண்டு வயதிலும் பதினாறு வயதிலும் அவர் நாள்தோறும் இசையோடுதான் இருந்தார். எனினும் அந்த எண்ணம் அகலவில்லை. அப்போது இசை குடும்பத்தின் அரிசிக்காகச் செய்த வேலை. பிறர் எழுதிக் கொடுத்ததைப் பிறர் சொன்னபடி வாசித்த வேலை. அது அவரை வீழாமல் தாங்கியது, ஆற்றவில்லை. திருப்பம் வந்தது தம் வீட்டிலேயே சொந்த ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்துக்கொண்ட பிறகுதான் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். பிறர் குறித்துத் தராத, தனக்கே உரிய ஓசையைத் தேடுவதற்கு ஓர் அறை கிடைத்தது. 1992-இல் 'ரோஜா' வெளியானபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அவர் சொன்ன கணக்கும் அதே இருபத்தைந்துதான்.

பம்பையின் முன் ஆடும் பெண்ணையும், வாடகைக் கருவிகளின் நடுவே வளர்ந்த சிறுவனையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இருவருக்கும் இசை கிடைத்தது. இருவரையும் அது ஓரளவு தாங்கியது. ஆனால் ஆறுதல் தொடங்குவது தன் விடையைத் தானே சொல்ல இடம் கிடைக்கும்போதுதான். அவ்விடம் சிறுவனுக்குப் பின்னாளில் வாய்த்தது. அந்தப் பெண்ணுக்கு வாய்க்கவே இல்லை. இசை கேள்வியைக் கேட்கலாம். விடையையும் அதுவே எழுதிவிடலாகாது.

மருத்துவ ஆய்வுகளும் இவ்வடக்கத்தோடுதான் பேசுகின்றன. மனச்சோர்வுக்கு இசைச் சிகிச்சை பற்றி நடந்த 9 ஆய்வுகளை, 421 பேர் பங்குகொண்டவற்றை, ஒன்றுதிரட்டி மதிப்பிட்ட அறிக்கை 2017-இல் வெளியாயிற்று. வழக்கமான மருத்துவத்தோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது குறுகிய காலத்தில் கூடுதல் பயன் தெரிகிறது என்பது அதன் முடிவு. 'சேரும்போது' என்னும் சொல்லே முதன்மையானது. மருந்தையும் மருத்துவரையும் விலக்கிவிட்டு இசையே போதும் என்று எந்த ஆய்வும் கூறவில்லை.

கோயிலைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பெங்களூர் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் உடன் பணியாற்றியோரும், தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளர் 31 பேரைக் கவனித்து 2002-இல் எழுதினர். அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. எளிய வழிபாடு, வளாகத்தைப் பெருக்குதல், செடிகளுக்கு நீர் விடுதல், உடன் ஓர் உறவினர், அவ்வளவே. சில வாரங்களில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன. அச்சுறுத்தாத இடமும் அன்பான சூழலுமே இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்பி ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். நம்பிக்கையை நாடி வந்தவர்களே அவர்களும். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்தது. செடிக்கு நீர் விட்ட கோயிலும் சங்கிலியிட்ட காப்பகமும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே நம்பிக்கையின் நிழலில் இருந்தவை. வேறுபாடு நம்பிக்கையில் இல்லை. வந்தவரை மனிதராக நடத்தினார்களா என்பதில் இருந்தது.

இவையெல்லாம் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் எதற்கு என்று எவரேனும் வினவக்கூடும். விடை இதுதான். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் உளமருத்துவர் எளிதில் கிடைப்பதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை தன் மனத்தின் பாரத்தோடு முதலில் வந்து நிற்கும் இடம் மருத்துவமனையாக இருப்பதில்லை. அது ஒரு பாட்டு வாத்தியாரின் திண்ணையாக இருக்கும். கூத்துக்கொட்டகையின் ஓரமாக இருக்கும். அல்லது ஞாயிற்றுக்கிழமை மாலையில் பத்துப் பேர் கூடிக் கவிதை படிக்கும் இத்தகைய அறையாக இருக்கும். கசங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் வந்து அமரும் பிள்ளையை எல்லா இலக்கிய வட்டங்களும் கண்டிருக்கும்.

அப்பிள்ளை எழுதியதில் யாப்பு பிழைத்திருக்கும். சந்தம் ஏதோ திரைப்பாடலின் சாயலில் இருக்கும். சந்திப்பிழைகள் மலிந்திருக்கும். இவற்றைத் திருத்துவது வட்டத்தின் கடமையே. ஆனால் திருத்துவதற்கு முன் ஒரு கணம் உண்டு. 'இந்த வரி எங்கிருந்து வந்தது, தம்பி?' என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கும் கணம் அது. பம்பைக்காரர் அறிந்து வைத்திருக்கும் கலை அதுவே. அவரிடம் கற்க வேண்டியது அந்தப் பொறுமை. அவர் செய்யாமல் விட்டதையும் இங்கே செய்ய முடியும். விடையை முன்கூட்டியே வகுக்காமல், வருவது எதுவாயினும் அதைக் கேட்க முடியும். அது ஊர் ஒப்பாத விடையாயினும், பெரிய மனிதர் ஒருவரின் பெயரைச் சுட்டும் விடையாயினும் கேட்க முடியும்.

கேட்டபின் தன்னால் ஆகாததைத் தானே தீர்க்க முயலாமல் உரியவரிடம் சேர்ப்பதும் இப்பணியின் பகுதி. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். கவிதை நூல்களின் பட்டியல் தொங்கும் சுவரில் அந்த எண்ணும் தொங்குவதால் இலக்கியத்துக்கு இழுக்கு நேராது.

ரகுமான் பின்னாளில் சென்னையில் ஓர் இசைக்கல்லூரியை நிறுவினார். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பல்லியம் கற்பிக்கும் குழு ஒன்றும் அவருடைய முயற்சியால் நடந்து வருகிறது. தந்தையின் கருவிகள் வாடகைக்குப் போய் வந்த வீட்டில் வளர்ந்தவர், பிற பிள்ளைகளின் கையில் வாடகை கேளாமல் கருவியைக் கொடுக்கிறார். வடு மறைந்துவிட்டதற்கு இது சான்றாகாது. வடுவோடு வாழவும், அதே கையால் பிறர்க்குக் கொடுக்கவும் முடியும் என்பதற்குச் சான்றாகும்.

மலையனூர்க் கதையின் இறுதிக்கு வருவோர் பலர் அன்னை மிதித்ததையே நினைவில் கொள்கின்றனர். அதற்கு முன் அவள் செய்ததை மறந்துவிடுகின்றனர். முதலில் அவள் சோறு பிசைந்தாள். அலைந்து வந்தவன் முன் அமர்ந்தாள். கையில் ஒட்டியிருப்பது என்ன என்று அஞ்சாமல் பார்த்தாள். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு எடுத்துக்கொள்ளத் தக்க பணி அதுவே. கதவருகே தயங்கி நிற்கும் பிள்ளைக்கு ஓர் இருக்கை, ஒரு கேள்வி, விடை வரும்வரை சற்று அமைதி.